"உங்க இஷ்டம்" என்றாள் மகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், அதிலும் கடைசிப் பாதி வருடம் மாடு மேய்க்கப் போய்விட்டேன். சின்ன 'ர' எது பெரிய 'ற' எது என்று இன்றைக்கும் தடுமாறுவேன். நடந்ததை வரிசையாகச் சொல்லத் தொடங்கி நடுவில் மறந்துவிடுகிற ஆள் நான். எந்த வருடம், என்ன கிழமை என்று யாராவது கேட்டால் விழிப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள், என்னைப்போல் அங்கிருந்து கட்டிக்கொண்டு இங்கே மலேசியாவுக்கு வந்த பெண்களும் படிப்பீர்கள். இரண்டு பேருக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

என் மகள் ரூபிணி காலேஜுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அவள் போனதிலிருந்து என்னிடம் ஒரு வினோதமான பழக்கத்தைக் கவனிக்கிறேன். வேலையில்லாத நாளில், நல்ல வெயில் அடிக்கிற பகல் பதினோரு மணிக்கு, வீட்டுக்குள் இருந்துகொண்டே கம்பிக் கதவுக்கு உள்பக்கமாகப் பூட்டுப் போடுகிறேன். போட்டுவிட்டு, "போட்டுட்டேன் பாப்பா, பயப்படாத" என்று உள்ளே பார்த்துச் சொல்கிறேன். சொன்ன பிறகுதான் உள்ளே யாரும் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. அப்படியும் பூட்டைத் திறப்பதில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்க்கிறேன். எதிரே எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள். ஒரு காலத்தில் அங்கே பால்மரம், அதாவது ரப்பர், இருந்தது. இரண்டும் வரிசையாகத்தான் நிற்கும், ஆனால் பால்மரத்து வரிசையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஆள் தெரியும். செம்பனையில் மட்டை தாழ்ந்து வந்து, நாலு மரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

பூட்டு என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். இங்கே எங்கள் ஆட்கள் பூட்டை மங்கா என்பார்கள். மலாயில் அப்படித்தான் சொல்வார்களாம். நான் வந்த முதல் வாரம் என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது, "கடையில ஒரு நல்ல மங்கா வாங்கி வையி, பெருசா இருக்கட்டும்" என்றார். நான் தோட்டத்துக் கடைக்குப் போய்ப் பார்த்துப் பார்த்துப் பெரிய மாங்காயாக இரண்டு வாங்கி, உப்பு மிளகாய்த்தூள் போட்டு அறுத்து வைத்திருந்தேன். சாயந்திரம் வந்தவர் தட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "இதக் கொண்டு போயி கதவுல மாட்டு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் கல்யாணத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது என்று எனக்கு நினைவில் இருப்பது அது ஒன்றுதான். இன்னும் ஒன்றிரண்டு இருந்திருக்கலாம், மறந்திருப்பேன்.

எனக்குத் திருமணம் ஆகும்போது வயது முப்பத்தாறு. அம்மா சீக்கிரம் போய்விட்டாள். பின்னால் பிறந்த மூன்று பேரை நான்தான் வளர்த்தேன். கடைசித் தம்பி முத்துவுக்குப் பெண் பார்த்து முடித்த பிறகுதான் இவள் ஒருத்தி இருக்கிறாளே என்று வீட்டில் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. மலேசியாவில் லாரி ஓட்டுகிறார், பெண்டாட்டி செத்துவிட்டாள், பிள்ளை இல்லை, பாட்டன் நம்ம பக்கத்து ஆள் என்றார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது. வந்து ஏழு வருடம் கழித்து, நாற்பத்து மூன்று வயதில் ரூபிணி பிறந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைப் பார்த்து, "சுவாமி மனா?" என்று கேட்டாள். நான் தலைமாட்டில் வைத்திருந்த சின்ன முருகன் படத்தை எடுத்துக் காட்டினேன். மலாயில் சுவாமி என்றால் புருஷன், அவர் எங்கே என்றுதான் கேட்டாள் என்று பக்கத்துக் கட்டில்காரி சொல்லித் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை மட்டும் மறக்கவில்லை.

ரூபிணிக்கு எட்டு வயது ஆகும்போது அவர் அம்பாங்கான் என்கிற ஊரில் வேறு ஒருத்தியோடு இருக்கப் போய்விட்டார். போனவர் போயிருந்தால் சரி. குடித்துவிட்டு சாயந்திரத்தில் வந்து கம்பிக் கதவைப் பிடித்து ஆட்டுவார். பிள்ளையைக் காட்டு என்பார், உள்ளே விடு என்பார். அப்போதுதான் உள்பக்கம் பூட்டுப் போடுகிற பழக்கம் வந்தது. அந்த வருடமே கோர்ட்டு, காகிதம் எல்லாம் முடிந்தது. அவர் கதவை ஆட்டி எட்டு ஒன்பது வருடம் இருக்கும். இப்போது சர்க்கரை வியாதி வந்து ஆள் பாதியாகிவிட்டார் என்று கேள்வி.

அந்தக் காலத்திலிருந்து எனக்குக் கண்ணும் காதும் ரூபிணிதான். மலாய்க் காகிதம் வந்தால் அவள் படிப்பாள். ஆபீசில் ஏதாவது கேட்டால் அவள் பதில் சொல்வாள். சிரம்பான் டவுனில் பாசாருக்கு, சந்தைக்குப் போனால் அவள் முன்னால் நடப்பாள், நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். இருபத்தாறு வருடம் இந்த நாட்டில் இருந்துவிட்டு, சாப்பாட்டுச் சாமான் பெயரும் பஸ் வார்த்தையும் தவிர எனக்கு மலாய் வராது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முதலில் தோட்டம் முழுக்கத் தமிழர்கள், தேவைப்படவில்லை. பிறகு அவர்கள் டவுனுக்குப் போய் வங்காளதேசத்துப் பையன்கள் வந்தார்கள், அவர்களுக்கும் மலாய் அரைகுறைதான். ஏன் ஊருக்குப் போகவில்லை, ஏன் இன்னொரு இடம் பார்க்கவில்லை என்று யார் கேட்டாலும், "புள்ள இருக்கே" என்று ஒரே பதில் வைத்திருந்தேன்.

அந்தப் பிள்ளைதான் வடக்குக் கோடியில், கெடாவில் ஒரு காலேஜில் இடம் கிடைத்துப் போனாள். பஸ் ஏற்றிவிட நானும் போனேன். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு அவள் இறங்கி வந்தாள். நான் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"பாப்பா, மாமா என்னைய ஊருக்கு வரச் சொல்லுறாரு. நான் என்னா பண்ணட்டும்?"

அவள் என் முந்தானையை இழுத்துச் சரி செய்தாள். "ம்மா, எனக்காகப் பாக்காதீங்கலா. நான் அங்க ஹாஸ்டல்ல இருப்பேன், லீவுக்கு நீங்க எங்க இருந்தாலும் வந்துருவேன். போகணும்னா போங்க. இருக்கணும்னா இருங்க. உங்க இஷ்டம்."

அவள் நல்லபடியாகத்தான் சொன்னாள். ஆனால் பஸ் போன பிறகு அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். என் அறுபத்திரண்டு வயதில் ஒரு ஆள் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் முறை. என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடினால் கைக்கு எதுவும் அகப்படவில்லை. தம்பி வா என்றால் போகிற ஆள் நான், மகள் இரு என்றால் இருக்கிற ஆள். இரண்டில் யாராவது ஒருவர் கொஞ்சம் அதட்டிச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

தம்பி முத்துவைப் பற்றிச் சொல்லவேண்டும். கெட்டவன் இல்லை. நான் இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை. அவன் பெண்டாட்டி மலர் போன வருடம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அதிலிருந்து படுக்கைதான். ரூபிணிக்கு இடம் கிடைத்ததிலிருந்தே என்னை வரச் சொல்லிக்கொண்டிருந்தவன், அவள் கிளம்பிய வாரமே மறுபடி போன் அடித்தான்.

"யக்கா, புள்ளதான் காலேஜுக்குப் போயிருச்சுல்ல. இனிமே அங்க தனியா குந்திக்கிட்டு என்ன பண்ணப் போற? வந்துரு. பின்கட்டு ரூம உனக்குன்னு சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கேன். மலருக்கும் ஒரு தொணையா இருக்கும்."

"பாக்குறேன்டா" என்றேன். வாரம் ஒரு முறை கேட்டான், வாரம் ஒரு முறை பாக்குறேன் என்றேன்.

எனக்கு வேலை நாற்றுமேடையில். கறுப்புப் பையில் மண் நிரப்பி, செம்பனை நாற்று ஊன்றி, வரிசையில் அடுக்கவேண்டும். வயதாகிவிட்டது என்று தோட்டம் நிறுத்திவிட்டாலும் குத்தகைக்காரர் மூலம் போய்க்கொண்டிருக்கிறேன். கை ஓடுகிற வரைக்கும் தோட்டம் கொடுத்த இந்த லயத்து வீட்டில் இருக்கலாம் என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் சொல்லியிருக்கிறார். என்னோடு மண் நிரப்புகிறவள் பார்வதி. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், என்னை விட நாலு வயது சின்னவள், வாய் மட்டும் என்னை விட நாற்பது வயது பெரியது. தம்பி கூப்பிடுகிறான் என்று அவளிடம் சொன்னேன்.

"போயேன் ஊர்க்காரி. ஒன்னைய யாரு புடிச்சி வச்சிருக்கா?"

"போனா இந்த வீட்ட விட்டுறணுமே."

"அப்ப இரு."

"இருந்து என்னா பண்றது?"

"மண்ணு அள்ளு." ஒரு பையை என் பக்கம் தள்ளினாள். "ஒனக்கு நல்லாத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். புருஷன் போனப்பயும் இதான் அள்ளுன. புள்ள போனப்பயும் இதான் அள்ளுற. நாளைக்கி நீ போறப்ப ஒம்மேல போடுறதுக்கும் இப்பவே கொஞ்சம் எடுத்து வச்சுக்க."

அவள் சொன்னதற்கு நானே சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து கை கழுவும்போது சிரிப்பு வரவில்லை.

போவதோ இருப்பதோ, முதலில் பாஸ்போர்ட் வேண்டும். என்னுடையது காலாவதியாகிப் பல வருடம் ஆகிறது. அதில் இன்னும் அவர் பெயர்தான் புருஷன் என்று இருக்கிறது. இங்கே நிரந்தரமாகத் தங்கலாம் என்கிற சிவப்பு அட்டை என்னிடம் இருக்கிறது, ஆனால் பாஸ்போர்ட் இந்தியா. ரூபிணி இருந்திருந்தால் போனிலேயே எல்லாம் தட்டிவிட்டிருப்பாள். அவளுக்குப் பரீட்சை. ஒரு செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக் காகிதத்தையும் பழைய பாஸ்போர்ட்டையும் பையில் போட்டுக்கொண்டு, முச்சந்தி வரை நடந்து, சிரம்பானுக்குப் பஸ் ஏறினேன். முக்கால் மணி நேரப் பயணம். தனியாக அந்தப் பஸ்ஸில் ஏறியது அதுதான் முதல் தடவை. இதைச் சொன்னால் சின்னப் பெண்கள் சிரிப்பார்கள்.

சீக்கிரம் போய்விட்டேன், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்கிற கடை திறக்கவில்லை. தாகமாக இருந்தது. எதிரே தமிழ்க் கடை ஒன்று இருந்தது, ஆனால் அங்கே போனால் எந்த வீடு, எந்தத் தோட்டம், வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். அதனால் தள்ளிப்போய் ஒரு மலாய்க்காரம்மா கடையில் ஓரமாக உட்கார்ந்தேன். "மினும்?" என்று கேட்டாள், குடிக்க என்ன வேண்டும் என்று. நான் தலையாட்டினேன். "மினும் அப்பா?" என்றாள் மறுபடியும். எது வேண்டும் என்று கேட்கிறாள், தெரிகிறது. ஆனால் இவ்வளவு நாளும் ரூபிணி எனக்கு எதைச் சொல்வாளோ அதைத்தான் குடித்திருக்கிறேன். பக்கத்து மேசையில் இருந்ததைக் கையால் காட்டினேன். ஐஸ் போட்ட பாலில்லாத தேநீர் ஒரு பெரிய கிளாஸ் நிறைய வந்தது. பல் கூசியது, தித்திப்புத் தொண்டையில் ஒட்டியது. வீணாக்கக் கூடாது என்று முழுவதையும் குடித்து முடித்தேன். முடித்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது: ஐஸ் போட்ட தேநீர் எனக்குப் பிடிக்காது. சின்ன விஷயம்தான். ஆனால் யாரும் சொல்லித் தராமல் என்னைப்பற்றி நானே தெரிந்துகொண்டதாக இருந்தது, அதனால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதை நினைத்தேன். வேறு என்ன பிடிக்காது? ரூபிணிக்காக வாரம் மூன்று நாள் செய்கிற நெத்திலிச் சம்பல் எனக்குப் பிடிக்காது, பதினைந்து வருடமாகச் சாப்பிடுகிறேன். பாத்திரத்தைத் தரையில் வைத்துக் கழுவப் பிடிக்காது. படுத்திருப்பவர்களின் மூத்திரத் துணி வாடை பிடிக்காது. இந்தக் கடைசி ஒன்று எங்கிருந்து வந்தது என்று திடுக்கென்றது. அம்மா படுக்கையில் கிடந்த இரண்டு வருடம் நான்தான் பார்த்தேன். அப்போது எனக்குப் பதினாலு வயது. அது பிடிக்கவில்லை என்று மனதுக்குள்ளேகூட நான் சொல்லிக்கொண்டதில்லை.

பாரம் நிரப்பிக் கொடுக்கிற கடையில் மேசைக்குப் பின்னால் ஒரு மலாய்ப் பெண் இருந்தாள், முகத்தில் சிரிப்பு மாறாத பெண். என் காகிதங்களைப் புரட்டினாள். பழைய பாஸ்போர்ட்டில் அவர் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து, "சுவாமி?" என்றாள். புருஷன். சரியென்று தலையாட்டினேன். பிறகு கோர்ட்டுக் காகிதத்தைக் காட்டி, "செரை?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் ஜெயிலைச் செறை என்றுதான் சொல்வார்கள். என் அப்பா ஒரு வரப்புத் தகராறில் பதினைந்து நாள் உள்ளே இருந்துவிட்டு வந்ததை, அவர் சாகும்வரை "செறைக்குப் போனப்ப" என்றுதான் சொல்வார். எனக்கு அந்தச் சொல் அப்படித்தான் விழுந்தது. புருஷன் ஜெயிலா என்று கேட்கிறாள். அவர் என்ன செய்திருந்தாலும் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

"தாக், தாக்," என்றேன், இல்லை இல்லை என்று. "அம்பாங்கான். டியா அம்பாங்கான்." அவர் அங்கே இருக்கிறார் என்று சொல்ல வந்தேன்.

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். மறுபடி காகிதத்தைத் தட்டி, "செரை, மாக்சிக். சினி துலிஸ் செரை," என்றாள். இங்கே அப்படித்தான் எழுதியிருக்கிறது அம்மா, என்கிறாள். கோர்ட்டு முத்திரை குத்திய காகிதத்தில் என் புருஷனை ஜெயிலுக்குப் போனவன் என்று எழுதி, அதை நான் பதினோரு வருடம் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்திருக்கிறேன் என்று நினைத்தேன். "சாலா," என்றேன், தப்பு என்று. "இனி சாலா," இது தப்பு என்று. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பின்னால் வரிசையில் நின்ற ஒரு தமிழ்ப் பெண், டீச்சர் மாதிரி கண்ணாடி போட்டவள், முன்னால் வந்து காகிதத்தைப் பார்த்தாள்.

"என்னாம்மா கேக்குறாங்க?"

"அவரு ஜெயில்ல இருந்தாரான்னு கேக்குது இந்தப் பொண்ணு. அவரு அப்படி ஆளு இல்ல, அம்பாங்கான்ல இருக்காரு. எழுதுனது தப்பு."

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டாள். "ஐயோ அம்மா, அந்தச் செறை இல்லம்மா. மலாய்ல செரைன்னா டிவோர்ஸ்லா. பிரிஞ்சிட்டீங்களான்னு கேக்குறாங்க."

மலாய்ப் பெண்ணுக்கும் அவள் எடுத்துச் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், கேலியாகச் சிரிக்கவில்லை. மலாய்ப் பெண் மேசைக்கு மேலாகக் கை நீட்டி என் கையைத் தட்டிக் கொடுத்தாள். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. மீதியை வீட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன் என்றேன். கண்ணாடிக்காரப் பெண் பாரத்தை வாங்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் தமிழில் எழுதிக் கொடுத்தாள். "நெரப்பிட்டு வாங்கம்மா. இந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல அடிச்சிரும். பென்சில்லயே எழுதுங்க, தப்பானா அழிச்சிக்கலாம்."

பஸ்ஸில் வரும்போது முதலில் வெட்கம்தான் இருந்தது. ராசா என்கிற ஊர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வெட்கம் போய் வேறொன்று வந்தது. அவர் செறையில் இல்லை, அம்பாங்கானில் இருக்கிறார் என்று நான் அடித்துச் சொன்னேனே, அது உண்மைதான். அவர் வெளியே தன் பாட்டுக்கு இருக்கிறார். உள்பக்கம் பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான். பிரிந்ததை இந்த ஊரில் செரை என்கிறார்கள், அந்தச் சொல் தெரியாமலே நான் இத்தனை வருடம் அதை என் ஊர்ச் செறையாகவே வாழ்ந்திருக்கிறேன். இதை எப்படிச் சரியாக எழுதுவது என்று தெரியவில்லை. நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

அன்று சாயந்திரம் ரூபிணி பேசினாள். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"பாப்பா, செரைன்னா என்னான்னு ஒனக்குத் தெரியுமா?"

"எட்டு வயசுலேர்ந்து தெரியும்மா."

"பின்ன ஏன் எனக்குச் சொல்லல? எத்தன ஆபீஸுக்குப் போயிருப்போம்."

"மொத மொதல்ல அந்தக் கௌண்டர்ல கேட்டாங்கல்ல, அப்ப நீங்க என் கையப் புடிச்சிருந்தீங்கம்மா. ரொம்ப இறுக்கி. சொன்னா இன்னும் இறுக்கிப் புடிப்பீங்கன்னு சொல்லல. கை வலிச்சிச்சி."

"நீ பயந்துக்கிட்டு இருந்தியேன்னு புடிச்சேன்."

"நான் பயப்படலம்மா."

"பயப்படலையா? தெனமும் மங்கா போட்டியாம்மான்னு கேட்டுட்டுத்தானே தூங்குவ."

"நான் கேட்டதே இல்லம்மா. நீங்கதான் வந்து, 'போட்டுட்டேன் பாப்பா, பயப்படாத'ன்னு சொல்லுவீங்க. நான் சரின்னு சொல்லுவேன். இல்லாட்டி நீங்க தூங்க மாட்டீங்க."

நான் மறதிக்காரி என்று தொடக்கத்திலேயே சொன்னேன். இருந்தாலும் இதைப்போய் மாற்றி ஞாபகம் வைத்திருப்பேன் என்று நினைக்கவில்லை. பதினோரு வருடமாக அந்தப் பிள்ளையை நான் காவல் காத்தேன் என்று இருந்தேன். எட்டு வயதிலிருந்து அது என்னைக் காவல் காத்திருக்கிறது. காலேஜ் கெடாவில் கிடைத்தது என்று சொன்னபோது அவள் முகத்தில் தெரிந்தது என்ன என்று இப்போது யோசிக்கிறேன். பக்கத்திலேயே, சிரம்பானிலேயே ஒரு காலேஜ் இருந்தது. அவள் அதைப்பற்றிப் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை. போனை வைக்கும்போது, "கை இப்ப வலிக்கிதா பாப்பா" என்று பைத்தியம் மாதிரி கேட்டேன். "இல்லலாம்மா," என்றாள், அழுகிற குரலில்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் வந்தது. நான் காலையிலிருந்தே போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"டிக்கெட் எப்பக்கா போடட்டும்?"

"பாஸ்போர்ட் வந்ததும் போடு. வரேன். மூணு வாரம்."

"மூணு வாரத்துலயா? அவ்வளவு சீக்கிரமாவா?"

"மூணு வாரம் இருந்துட்டு வரேன்டா. மலருக்கு அந்த மூணு வாரமும் நான் செய்யறேன், நீ கிட்டக்கவே வரவேணாம். அதுக்கப்பறம் யாராச்சும் ஒரு ஆள வச்சுக்க. திரும்பி வரதுக்கும் சேத்தே டிக்கெட் போடு."

அந்தப் பக்கம் மலர் இருமுகிற சத்தம் கேட்டது. அவன் எழுந்து வெளியே வந்திருப்பான் போல, காற்றுச் சத்தம் வந்தது. "திரும்பி எங்கக்கா போற? புள்ளையும் அங்க இல்ல. அந்தத் தோட்டத்துல உனக்குன்னு யாரு இருக்கா?"

ரூபிணி லீவுக்கு வருவாள் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "நான் இருக்கேன்டா" என்று வந்துவிட்டது.

"வெளையாடாதக்கா."

"வெளையாடல."

"மலருகிட்ட நான் என்னன்னு சொல்றது? அக்கா வருது வருதுன்னு அவ நாள எண்ணிக்கிட்டு இருக்கா."

"எனக்கு முடியலன்னு சொல்லு. அம்மாவுக்குச் செஞ்சேன், ஒங்களுக்குச் செஞ்சேன். இனிமே முடியல. அதத்தான் சொல்லணும், வேற ஒண்ணும் சொல்லாத."

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு போய்விட்டது, போன் வரவில்லை. நான் அடித்தால் மணி அடித்து நின்றுவிடுகிறது. இப்படி ஒரு வார்த்தை சொன்னதும் மனசு லேசாகிவிட்டது என்று நீங்கள் நினைக்கக் கூடாது. இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளையிடம் முடியாது என்று சொன்ன வாய் இது, சோறு இறங்கவில்லை. படுத்திருக்கிற அந்தப் பெண்ணின் முகம் வந்து வந்து போகிறது. பார்வதியிடம் சொன்னேன். அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவால்லியே, ஒனக்கு நாக்கு இருக்கா," என்றாள். பிறகு அன்று முழுக்க என் பங்கு மண்ணையும் அவளே அள்ளிப் போட்டாள்.

இந்த வாரம் பாரத்தை எடுத்துவைத்து நிரப்ப உட்கார்ந்தேன். பெயர், பிறந்த ஊர், அப்பா பெயர் எல்லாம் எழுதிவிட்டேன். பிரிந்தவர் என்கிற கட்டத்தில் நானே கோடு போட்டேன். பக்கத்தின் கடைசியில் இரண்டு கட்டங்கள். ஒன்றின் பக்கத்தில் அந்தக் கண்ணாடிக்காரப் பெண் 'நிலையான முகவரி' என்று பென்சிலால் எழுதியிருக்கிறாள். இன்னொன்றில், 'தற்போது இருக்கும் முகவரி.'

நிலையான முகவரியில் ஊர் வீட்டை எழுதினேன். இருபத்தாறு வருடத்தில் அந்த வீட்டுக்கு நாலு தடவைதான் போயிருக்கிறேன், கதவு எண் கூட மாறிவிட்டது, இப்போது அங்கே போன் அடித்தால் எடுப்பவர் இல்லை. அழித்துவிட்டுத் தோட்டத்தை எழுதினேன். இந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தம், என் கை ஓடுகிற வரைக்கும்தான். பக்கத்துத் தோட்டத்தை வெட்டி வீடு கட்டி விற்கிறார்கள், நாளைக்கு இதுவும் என்ன ஆகுமோ. இதைப்போய் நிலையானது என்று எப்படி எழுதுவது? மறுபடி அழித்தேன். இருபத்தாறு வருடமாக ஒரு இடத்தில் 'தற்போது' இருக்க முடியுமா என்பதும் எனக்குத் தெரியவில்லை. நாள் ஒன்றுக்கு ஒரு விதமாக எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

படித்தவர்கள், இந்த மாதிரிப் பாரம் எழுதிப் பழகியவர்கள் இதைப் பார்த்தால், நான் மேலே எழுதிய மலாய்ச் சொற்கள் சரிதானா, பெரிய 'ற' போடவேண்டிய இடத்தில் சரியாகப் போட்டிருக்கிறேனா என்று திருத்திக் கொடுங்கள். அதோடு அந்த இரண்டு கட்டத்தில் எதில் எந்த முகவரி வரவேண்டும் என்பதையும் யாராவது சரிபார்த்துச் சொல்லவேண்டும். கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது. அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் மெலிந்து, தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரிகிறது. இன்னும் ஒரு தடவை அழித்தால் கிழிந்துவிடும்.